முதுமையும் இருதயமும்: கலத்தின் வாயில்களைக் கண்டறிந்த வரலாறு

மாந்தருடம்பினுள்ளே இடையறாது நிகழும் தொழில்களுள், கருவி எதுவுமின்றி விரல் நுனியாலேயே அறியத்தக்கது நாடித்துடிப்பு. சித்தமருத்துவர் மூவிரல் வைத்து அதனை வாதம், பித்தம், ஐயம் என வகுத்தறிந்தனர். மேனாட்டு மருத்துவர் கடிகாரத்தைக் கையிற்கொண்டு நிமிடத்துக்கு இத்துணை எனக் கணக்கிட்டனர். முறை வேறாயினும் இருசாராரும் கண்ட உண்மை ஒன்றுண்டு. வாளாவிருக்கும்போது இளைஞன் நாடிக்கும் முதியோன் நாடிக்கும் எண்ணிக்கையிற் பெரிய வேற்றுமை இல்லை. மேட்டில் ஏறும்போதோ வேற்றுமை வெளிப்படுகின்றது. இருபது வயதினன் தன் முழுவலிமையுடன் ஓடுங்கால் இருதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 முறை துடிக்கும். எழுபது வயதினர் எத்துணை முயலினும் அது பெரும்பாலும் 150க்கும் 160க்கும் இடையில் நின்றுவிடும். இவ்வேற்றுமை எதனால் நேர்வது? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

தலவாக்கலையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழ்வோர்க்கு இது வெறும் ஏட்டுவினா அன்று. ஈண்டு வீட்டிலிருந்து கடைக்குச் செல்வதாயினும், லயத்திலிருந்து கோயிலுக்குச் செல்வதாயினும், மலையிற் கொழுந்தெடுக்கச் செல்வதாயினும் ஏற்றமும் இறக்கமுமே வழி. கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிக் குளிர்காலைப் பொழுதிற் பல்லாண்டு மேடேறியவர்கள், முதுமையில் அதே மேட்டின் நடுவே நின்று மூச்சு வாங்கும்போது, இஃது இயற்கையா, நோயா, அன்றிச் சோம்பலா என்று பிறர் தத்தமக்குத் தோன்றியவாறு தீர்ப்புரைக்கின்றனர். இத்தீர்ப்புகளுட் பல தவறானவை என்பதை இருதயக் கலங்களின் வரலாறு காட்டுகின்றது. அவ்வரலாற்றில் இம்மலைகளில் விளையும் தேயிலைக்கும் ஓரிடம் உண்டு.

வினாவின் தொடக்கம்

குருதி உடம்பெங்கும் சுற்றி வருகின்றது என்பதனை 1628ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஆவி நிறுவினார். இருதயம் ஓர் இறைப்பி என்பது அன்று தெளிவாயிற்று. ஆயின் அவ்விறைப்பியை விரைவுறச் செய்வதும் தளர்வுறச் செய்வதும் யாவை என்பது மேலும் இருநூற்றைம்பது ஆண்டுகள் மறைபொருளாகவே இருந்தது.

இலண்டன் மாநகரிற் சிட்னி றிங்கர் என்பார் தவளையின் இருதயத்தை உப்புநீரில் இட்டு, அது நெடுநேரம் துடிப்பதைக் கண்டு 1882இற் கட்டுரை வரைந்தார். பின்னர் தூய வடிநீரில் அதே சோதனையைச் செய்தபோது துடிப்பு விரைவில் நின்றது. முன்னைய சோதனைக்கு உதவியாளர் குழாய்நீரைப் பயன்படுத்தியிருந்தமை பின்னரே தெரியவந்தது. அந்நீரிற் கரைந்திருந்த கல்சியமே இருதயத்தை இயக்கியது என்பதனை அவர் 1883இல் வெளியிட்டார். இருதயத்தசை சுருங்குதற்குக் கல்சியம் இன்றியமையாதது என்னும் அவ்வுண்மை இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வேண்டப்படும்.

1894, 1895ஆம் ஆண்டுகளில் ஒலிவர், சேபர் என்னும் இருவர், சிறுநீரகங்களின் மேல் அமைந்த சிறு சுரப்பியின் சாறு குருதியழுத்தத்தைப் பெரிதும் உயர்த்துதலைக் கண்டனர். அச்சாற்றிலிருந்து அதிரினலின் என்னும் பொருளைப் பளிங்கு வடிவிற் பிரித்தெடுத்தவர் யப்பானியரான தக்கமினே, ஆண்டு 1901. அச்சம் வந்தவிடத்தும் சினம் வந்தவிடத்தும் நெஞ்சு படபடத்தல் எதனால் என்பதற்கு வேதியியல் விடை ஒன்று முதன்முறையாகக் கிடைத்தது.

ஆனால் ஒரு பொருள் குருதியிற் கலந்து செல்லும்போது, இருதயக்கலம் அதனை எவ்வாறு அறிகின்றது? கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தின் லாங்கிலி 1905ஆம் ஆண்டில் இதற்கு ஒரு கருத்தினை வெளியிட்டார். நிக்கொற்றின், கியூராரே என்னும் இரு நச்சுப் பொருள்கள் கோழித்தசையில் ஒன்றையொன்று எதிர்த்து நிற்றலை ஆராய்ந்த அவர், கலத்தினிடத்தே அப்பொருள்களை ஏற்கும் தனிப்பொருள் ஒன்று இருத்தல் வேண்டும் என்றார். செருமனியிற் போல் ஏர்லிக்கும் இதனையொத்த கருத்தினை வேறு வழியால் அடைந்திருந்தார். இன்று நாம் வாங்கி என வழங்கும் சொல்லின் தோற்றம் இதுவே. வீட்டுக்கு வாயில் எவ்வாறோ, கலத்துக்கு வாங்கி அவ்வாறு. ஒரு வேற்றுமை யாதெனில், இவ்வாயிலில் தூது வந்தவன் உள்ளே நுழைவதில்லை. வாயிலைத் தட்டிச் செய்தியை அளித்துவிட்டு நீங்குகின்றான்.

நரம்புகளும் இவ்வாறே வேதிப்பொருள்களைக் கொண்டு தூது விடுகின்றன என்பதனை ஒற்றோ லோவி 1921இல் மெய்ப்பித்தார். ஒரு தவளையின் இருதயத்தை அதன் வேகசு நரம்பைத் தூண்டித் தளரச்செய்து, அவ்விருதயத்தினைச் சூழ்ந்திருந்த நீரை மற்றோர் இருதயத்திற் செலுத்தினார். எந்நரம்பும் தூண்டப்படாத அவ்விருதயமும் தளர்ந்தது. இச்சோதனை தமக்குக் கனவிலே தோன்றியது என அவரே கூறியுள்ளார். பரிவு நரம்புகளின் தூது நோரதிரினலின் என்பதனைச் சுவீடன் நாட்டு வொன் ஒயிலர் 1946இற் கண்டார். ஆகவே இருதயத்துக்கு இருவகைத் தூதுண்டு: விரைக என்பது பரிவு நரம்பின் தூது, ஆறுக என்பது வேகசு நரம்பின் தூது.

அல்பா, பீற்றா என்னும் பாகுபாடு

ஒரே அதிரினலின் குருதிக்குழாய்களைச் சுருக்குவதும் இருதயத்தை விரைவிப்பதும் எங்ஙனம் என்னும் முரணை, ஐக்கிய அமெரிக்காவின் யோர்சியா மாநிலத்திலிருந்த றேமண்ட் அல்குவிசுற்று தீர்த்தார். வாங்கிகள் இருவகையின, அவற்றை அல்பா எனவும் பீற்றா எனவும் வழங்கலாம் என்றும், இருதயத்திற் சிறந்து நிற்பது பீற்றாவே என்றும் அவர் 1948இல் எழுதினார். அக்கட்டுரையை முதலில் ஓர் ஆய்விதழ் மறுத்தது. மற்றோர் இதழில் வெளிவந்த பின்னரும் நெடுநாள் எவரும் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை.

அதன் பயனைக் கண்டவர் சேர் யேம்சு பிளாக். 1924இற் சுகொத்லாந்தில் தோன்றிய இவர், 1947 முதல் 1950 வரை சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்க்கு உடற்றொழிலியல் கற்பித்தவர். தந்தையார் பெரும் அதிர்ச்சியொன்றின்பின் மாரடைப்பால் இறந்தமை இவர் உள்ளத்திற் பதிந்திருந்தது. அக்காலத்து மருத்துவர்கள் நெஞ்சுநோவுடையார்க்கு இருதயத்துக்கு மேலும் பிராணவாயுவை அளிக்க முயன்றனர். பிளாக்கோ, அளிப்பைக் கூட்டுதற்குப் பதிலாகத் தேவையைக் குறைத்தால் என்ன என்று எண்ணினார். பீற்றா வாயிலை அடைத்து நிற்கும் பொருளொன்றைத் தேடி, 1964இற் புரொப்பிரனலோல் என்னும் மருந்தினை வெளிப்படுத்தினார். 1988இல் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் நாட்டு மருத்துவமனைகளிலும் குருதியழுத்தத்துக்கும் இருதயநோய்க்கும் வழங்கப்பெறும் மருந்துகளுள் ஒரு கூட்டம் இக்குலத்தைச் சேர்ந்தது.

வாயிலுக்கு உள்ளே

தூது வாயிலளவில் நின்றுவிடுமாயின் உள்ளிருக்கும் இயந்திரம் எவ்வாறு இயங்கும்? இதற்கு விடை கண்டவர் ஏர்ல் சதர்லாந்து. 1957ஐ ஒட்டிய ஆண்டுகளிற் சைக்கிளிக் ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூற்றை அவர் கண்டார். வாங்கியை அதிரினலின் தொட்டவுடன், மென்சவ்விலுள்ள நொதியம் ஒன்று ஏ.ரீ.பி. என்னும் சத்திப் பொருளை இச்சிறு மூலக்கூறாக மாற்றுகின்றது. இது கலத்தினுள்ளே செல்லும் இரண்டாம் தூது.

ஏ.ரீ.பி.யைக் கண்டறிந்தோருள் ஒருவர் எல்லாப்பிரகத சுப்பராவ் என்பதனை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1895இற் பீமவரத்திற் பிறந்து, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரியிலே தேர்ந்த இவர், அமெரிக்காவின் ஆவாட்டுப் பல்கலைக்கழகத்திற் பிசுக்கு என்பாருடன் கூடித் தசையிலுள்ள பொசுபரசுச் சேர்வைகளை ஆராய்ந்தார். 1929இல் இவர்களும், செருமனியில் லோமான் என்பவரும் தனித்தனியே ஏ.ரீ.பி.யைக் கண்டனர்.

வாங்கிக்கும் நொதியத்துக்கும் இடையே நின்று செய்தி கடத்துவன சீப் புரதங்கள். தூண்டுவது ஒருவகை, தடுப்பது ஒருவகை. இவற்றைக் கண்ட றொட்பெல், கில்மன் ஆகியோர் 1994இல் நோபல் பரிசு பெற்றனர். வாங்கி என்பது கருத்தளவான பொருளே என்று பலரும் ஐயுற்றிருந்த நிலையை மாற்றியவர் றொபேட்டு லெவ்கோவிற்சு. அவருடைய ஆய்வுக்குழு 1986இற் பீற்றா வாங்கியின் மரபணுவைப் பிரித்தெடுத்தது. அவர்தம் மாணவராயிருந்த பிறயன் கொபில்கா, 2007இலும் 2011இலும் அவ்வாங்கியின் உருவத்தையே அணுவணுவாகப் படம்பிடித்துக் காட்டினார். 2012இன் வேதியியல் நோபல் பரிசு இருவர்க்கும் உரியதாயிற்று. லாங்கிலியின் ஊகம் கண்காணும் பொருளாக நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

இரண்டாம் தூது பெருகியபின் நிகழ்வது யாது? கலத்தின் கல்சிய வழிகள் அகலத் திறக்கின்றன. கல்சியம் உட்புகுந்து தசை வலிந்து சுருங்குகின்றது. அடுத்த கணமே கல்சியம் கலத்தினுள்ளிருக்கும் சேமிப்பறைகளுக்கு விரைந்து மீட்கப்படுகின்றது. தசை தளர்ந்து, குருதி நிரம்ப இடமளிக்கின்றது. சுருங்குதல் எத்துணை முக்கியமோ தளர்தலும் அத்துணை முக்கியம். றிங்கர் குழாய்நீரிற் கண்ட கல்சியமே இப்பெருநாடகத்தின் இறுதிப் பாத்திரம்.

முதுமை செய்யும் மாற்றம்

இனி முதன்மை வினாவுக்கு வருவோம். முதியோர்க்கு நாடி விரையாமை தூது குறைந்ததனால் என்று முதலிற் கருதுவது இயல்பே. ஆனால் 1976இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு மாறான செய்தியைத் தந்தது: வயது கூடக்கூடக் குருதியில் நோரதிரினலினின் அளவு கூடுகின்றது! தூதர் பெருகியும் செய்தி சேரவில்லை எனின், குறை கேட்கும் இடத்தில் இருத்தல் வேண்டும்.

1979இல் வெசுத்தல் முதலியோர் இதனை மனிதரிடத்தே சோதித்தனர். பீற்றா வாங்கியைத் தூண்டும் ஐசோபுரொத்திரனோல் என்னும் மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, நாடி 25 துடிப்புகள் உயர எவ்வளவு மருந்து வேண்டும் என அளந்தனர். இளையோர்க்குச் சிற்றளவு போதியதாயிற்று; முதியோர்க்கு மிகுதியான அளவு வேண்டியிருந்தது. வாயிலை அடைக்கும் புரொப்பிரனலோலும் முதியோரிடத்தே வலிமை குறைந்தே காணப்பட்டது. நோயற்று இறந்தோரின் இருதயத் தசைகளைக் கொண்டு செய்யப்பெற்று 1994இல் வெளிவந்த ஆய்வு, வயதேறிய இருதயத்திற் பீற்றா-1 வாங்கிகளின் எண்ணிக்கை குறைவதையும், எஞ்சியவை தூதினைப் பற்றும் ஆற்றல் தளர்வதையும் காட்டியது. வாங்கிக்குப் பின்னுள்ள நொதியமும் முன்போல் விரைந்து தொழிற்படுவதில்லை. கல்சியத்தை மீட்கும் புரதமும் குறைவதால் தசை தளர்தற்கு நேரம் நீள்கின்றது.

இவையனைத்தையும் வாங்கியின்மேலேயே சுமத்துதல் நேர்மையன்று. துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவிலுள்ள கலங்களும் முதுமையிற் குறைகின்றன. இருவகை நரம்புத்தூதையும் மருந்துகளால் அடைத்து, இருதயம் தன்னியல்பில் எத்துணை துடிக்கும் என 1970இல் அளந்தோர், அத்தன்னியல்பு வேகமும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இறங்குவதைக் கண்டனர். ஆகவே உச்ச வேகம் குறைதற்குக் காரணம் ஒன்றன்று, பல.

வாயில்கள் குறைவதேன்? ஓயாது தட்டப்படும் வாயிலைக் கலம் தானே அடைத்துக்கொள்கின்றது என்பது லெவ்கோவிற்சு முதலியோர் கண்டது. நெடுந்தூண்டலுக்கு ஆளான வாங்கியின்மேல் அறெசுத்தின் என்னும் புரதம் வந்து பொருந்தி, செய்தியைத் தடுத்து, வாங்கியைக் கலத்தினுள்ளே இழுத்துச் செல்லும். முதுமையில் தூது பெருகுதலும் வாயில் குறைதலும் உடனிகழ்வன. இதனைத் தேய்வு என்று மட்டும் கொள்வதா, தற்காப்பு என்றும் கொள்வதா?

தற்காப்பு என்பார்க்கும் சான்றுகள் உள. 1999இல் செருமனியில், பீற்றா-1 வாங்கி மிகையாக அமைந்த சுண்டெலிகளை உருவாக்கினர். அவை தொடக்கத்தில் வலிய இருதயமுடையன போற் காணப்பட்டன. நாளடைவில் இருதயம் வீங்கிச் செயலிழந்தன. 2007இல், இருதயத்திலுள்ள அந்நொதியத்தின் ஒரு வகை நீக்கப்பட்ட சுண்டெலிகள் ஏனையவற்றினும் நெடுநாள் வாழ்ந்தமை அறியப்பட்டது. செயலிழந்த மனித இருதயத்துக்கும் வாயிலை அடைக்கும் மருந்தே நன்மை செய்தது. 1975இற் சுவீடனிற் சிலர் இதனைத் துணிந்து சொன்னபோது உலகம் ஏற்கத் தயங்கியது. 1999இல் வெளியான பெருஞ்சோதனைகள் அம்மருந்தால் இறப்புக் குறைதலை ஐயமற நிறுவின. ஓயாது அதட்டப்படும் இருதயம் விரைவில் அழிகின்றது. ஆதலின் முதுமையின் செவிடு முழுவதும் குறை என்பது பொருந்தாது.

தேயிலை சொல்லிய செய்தி

இருதயத்துக்கு மூன்றாவது தூதொன்றும் உண்டு, அஃது அடினோசின். கேம்பிரிட்சில் 1929இல் துறூரி, செந்து-யோர்யி என்னும் இருவர் அது நாடியைத் தளர்த்துவதைக் கண்டனர். உழைப்பு மிகுந்து ஏ.ரீ.பி. செலவாகும்போது அடினோசின் தோன்றி, போதும் என அதிரினலினின் தூண்டலைத் தணிக்கின்றது.

தேநீரிலுள்ள கபேயின் இவ்வடினோசினின் வாயிலில் முந்திச்சென்று அமர்ந்துகொள்வது. கோப்பியிலிருந்து 1819இற் கபேயினும், தேயிலையிலிருந்து 1827இல் தேயின் என்பதும் பிரிக்கப்பட்டு, பின்னர் இரண்டும் ஒன்றே என அறியப்பட்டன. தேயிலையிற் சிற்றளவாயுள்ள தியோபிலினை 1888இற் கொசெல் கண்டார். இவை கலத்தின் இரண்டாம் தூது அழியாமற் காப்பதாலேயே ஊக்கம் தருகின்றன என 1960களில் எண்ணினர். அதற்கு வேண்டும் அளவு ஒரு கோப்பைத் தேநீரில் வருவதன்று எனப் பின்னர்த் தெளிந்தது. 1970இற் சத்தின், றால் என்போர் இவை அடினோசினை எதிர்த்து நிற்றலை எடுத்துக்காட்டினர். வயதேறிய எலிகளின் இருதயத்தில் அடினோசின் மிகுதியாகத் தோன்றி அதிரினலினின் பயனைக் குறைத்தலை 1990இன் ஆய்வொன்று கண்டது. முதுமைக்கும் இத்தூதுக்கும் உள்ள தொடர்பு அதனால் வெளிப்பட்டது.

இலங்கையில் 1867இல் லூல்கந்தூரையிற் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய தேயிலைப் பயிர், தலவாக்கலையின் மலைகளையும் மக்களையும் ஆக்கியது. 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் இங்குள்ள சென் கூம்சுத் தோட்டத்தில் அமைந்து, இலையின் மண்ணையும் நோயையும் சுவையையும் ஆராய்ந்து வருகின்றது. இலையைப் பற்றிய அறிவு இவ்வாறு வளர்ந்தவிடத்தே, அதனைப் பறித்தவர்தம் இருதயத்தைப் பற்றிய அறிவும் பரவுதல் முறையன்றோ?

அறிவின் பயன்

இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கவை சில. முதலாவது, முதியோர் மேடேறும்போது மெல்லச் செல்வது அவர்தம் உள்ளத்தின் சோம்பலன்று, கலத்தின் இயல்பு. அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் 1958 முதல் நடைபெற்றுவரும் நெடுங்கால ஆய்வு இதனை நன்கு விளக்கியது. நோயற்ற முதியோர் உழைக்குங்கால், விரைவாற் கூட்ட இயலாததை ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியை வெளியேற்றி ஈடுசெய்கின்றனர் என்று 1984இல் அறியப்பட்டது. அவர்கள் நிறுத்தி நிறுத்தி நடப்பது இருதயம் நிரம்புதற்கு வேண்டிய காலத்தைக் கொடுப்பதாகும். நாடோறும் அளவாக நடப்பது உச்சவேகத்தை மீட்டுத்தராதாயினும் உடம்பின் ஆற்றலைப் பெருக்கும்.

இரண்டாவது, இதற்கு எதிர்மறையானது. முதுமை என்று சொல்லி நோயைப் புறக்கணித்தலும் ஆகாது. கால் வீங்குதல், படுத்தால் மூச்சடைத்தல், மேட்டில் நெஞ்சு இறுகுதல் என்பன வயதின் இயல்புகளல்ல. மருத்துவரை நாடவேண்டிய குறிகள். காய்ச்சலிலும் குருதியிழப்பிலும் இளையோர் நாடி விரைவதுபோல் முதியோர் நாடி விரையாதிருத்தல் கூடும். நாடி அமைதியாயிருக்கின்றது என்று கருதித் தோட்ட மருந்தகத்திலிருந்து அவர்களைத் திருப்பியனுப்புதல் பேரிடர் விளைக்கும். உடனே எழுந்து நிற்கையிற் தலைசுற்றுவதும் இதனோடு தொடர்புடையது. பீற்றா அடைப்பு மருந்து உண்போர் மெல்ல எழுதல் வேண்டும். அம்மருந்தைத் தாமே திடீரென நிறுத்துதல் தீங்கு தரும்.

மூன்றாவது, சட்டத்தின் வயதும் இருதயத்தின் வயதும் ஒன்றல்ல. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஆண்களுக்கு 55 எனவும் பெண்களுக்கு 50 எனவும் நிதியை மீளப்பெறும் வயதை வகுத்தது. கலத்தின் வாயில்களோ ஒருநாளில் அடைபடுவன அல்ல. முப்பது வயதளவில் தொடங்கும் மாற்றம் படிப்படியாக நிகழ்கின்றது. ஐம்பது கடந்தும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கும் ஒரே சரிவில் ஒரே நிறையைக் கணக்கிடும்போது, இருவர் நெஞ்சமும் ஒரே விலை கொடுப்பதில்லை என்பதனை எடை நிறுப்போர் அறிதல் வேண்டும்.

குழாய்நீரிற் தொடங்கி, தவளையின் நெஞ்சத்தையும் கோழியின் தசையையும் கடந்து, அணுவளவான உருவப்படம் வரை வந்த இவ்வாராய்ச்சி பல நாட்டார் கூடி இயற்றியது. அதன் முடிபுகளைத் தமிழில் எடுத்துரைத்து, மலைநாட்டு முதியோரின் நாடியைத் தொடும் கைகளுக்கு அவற்றைச் சேர்ப்பித்தல் கல்லூரியிற் கற்றவர்தம் கடனாகும்.